பேசாமல் இருப்பதற்கு ஒரு கூட்டம்

எனக்கு ஆட்டிசம் இருக்கிறது என்று டாக்டர் சொன்னபோது எனக்கு முப்பத்தைந்து வயது. அம்மாவும் கூட வந்திருந்தாள். டாக்டர் ரொம்ப மெதுவாக, கையில் சூடான பாத்திரத்தைக் கொடுப்பவர்போல, எல்லாவற்றையும் விளக்கினார். அம்மா முழுக்கக் கேட்டுவிட்டு, "இதுக்கு மாத்திரை இருக்குதா டாக்டர்?" என்றாள். இல்லை என்றார். "பத்தியம் ஏதாச்சும்?" அதுவும் இல்லை என்றார். "அப்ப சரி," என்று பையை எடுத்துக்கொண்டு எழுந்துவிட்டாள்.

பெங்களூர் காக்ஸ் டவுனில் இருக்கும் எங்கள் வீட்டுக்குத் திரும்பும் ஆட்டோவில்தான் அவளுக்குப் பேச்சு வந்தது.

"உங்கப்பாவும் இப்டித்தாண்டி இருந்தாரு. நா அதுக்குத் திமிருன்னு பேரு வச்சிருந்தேன்."

நான் லிங்கராஜபுரத்தில் ஒரு பல் லேபில் வேலை செய்கிறேன். டாக்டர்கள் நோயாளியின் வாயை அச்செடுத்து அனுப்புவார்கள். அந்த அச்சைப் பார்த்து நான் பல் செய்வேன், பல் செட் செய்வேன். இந்த வேலையில் எனக்குப் பிடித்ததே, வாய்கள் மட்டும் தனியாக வரும், அவற்றின் சொந்தக்காரர்கள் வரமாட்டார்கள் என்பதுதான். ஒரு வாய் என்னிடம் எத்தனை நாள் இருந்தாலும், சாப்பிட்டாயா, ஏன் இன்னும் கல்யாணம் ஆகவில்லை என்று கேட்காது.

போன கோடையில் இங்கிலாந்தில் இருக்கும் அண்ணன் வீட்டுக்குப் போயிருந்தேன். அண்ணி எனக்காக ஓர் இடம் கண்டுபிடித்து வைத்திருந்தாள். அவள் எதையாவது கண்டுபிடித்துவிட்டால் அதிலிருந்து தப்பிக்க முடியாது. அவர்கள் ஊர் நூலகத்தின் மாடியில் ஆட்டிசம் உள்ள பெரியவர்கள் மாதம் ஒரு முறை கூடுகிறார்களாம். "நீ போய்ப் பாரு. பிடிக்கலன்னா கீழ புக் படிச்சிட்டு இரு. நான் வந்து கூட்டிக்கிறேன்," என்று வாசலில் இறக்கிவிட்டுப் போய்விட்டாள்.

அந்த மாதிரி ஓர் அறையை நான் அதற்கு முன் பார்த்ததில்லை. பளிச்சென்ற ட்யூப்லைட்டுகளை அணைத்துவிட்டு மேசை விளக்குகளை மட்டும் வைத்திருந்தார்கள். சத்தம் தாங்காதவர்களுக்காக ஒரு கூடை நிறைய ஹெட்போன். நாற்காலிகள் ஒன்றையொன்று பார்க்காமல் பல பக்கம் திரும்பியிருந்தன. இதையெல்லாம் பார்த்துக்கொள்ள ஒரு பெண்மணி இருந்தார். ஊர் நிர்வாகம் அவருக்குச் சம்பளம் தருகிறதாம். ராத்திரி போனில் அம்மாவிடம், "நம்மள தொந்தரவு பண்ணாம விடறதுக்கு இங்க ஒருத்தருக்குச் சம்பளம் குடுக்கறாங்கம்மா," என்றேன். அம்மா யோசித்துவிட்டு, "நம்ம ஊருல சம்பளம் குடுத்தாலும் அந்த வேலைக்கு ஆள் கெடைக்காதே," என்றாள்.

அறைக்குள் நுழைந்ததும் அந்தப் பெண்மணி மூன்று பேட்ஜுகளை நீட்டினார். பச்சை போட்டுக்கொண்டால் யார் வேண்டுமானாலும் வந்து பேசலாம். மஞ்சள் என்றால் தெரிந்தவர்கள் மட்டும் பேசலாம். சிவப்பு என்றால் யாரும் பேச வேண்டாம். நான் நடுநிலையாக இருக்கட்டும் என்று மஞ்சளை எடுத்துக் குத்திக்கொண்டு உட்கார்ந்தேன்.

யாரும் வரவில்லை. எனக்கு அங்கே ஒருவரையும் தெரியாது, என்னையும் ஒருவருக்கும் தெரியாது. தெரிந்துகொள்ள வேண்டுமானால் பேச வேண்டும். பேச வேண்டுமானால் தெரிந்திருக்க வேண்டும். இதை உட்கார்ந்து யோசித்ததிலேயே பாதி நேரம் போய்விட்டது. கடைசியில் அந்தப் பெண்மணியிடம் போய்க் கேட்டேன். "இத்தனை வருஷமாக நடத்துகிறேன், இதை ஒருவரும் கேட்டதில்லை," என்று சொல்லி ஒரு பச்சை பேட்ஜை எடுத்துக் கொடுத்தார்.

பச்சைக்கு மாறியதும் ஒரு தாத்தா வயது வெள்ளைக்காரர் வந்து, தன் மாவட்டத்தில் இருக்கும் ரவுண்டானாக்களைப் பற்றிச் சொல்ல ஆரம்பித்தார். ஒவ்வொன்றாகச் சொன்னார். நான் அவர் வாயையே பார்த்துக்கொண்டிருந்தேன். அவர் மூச்சு வாங்க நிறுத்தியபோது, "உங்கள் மேல் கடைவாய்ப் பல் செயற்கைதானே, மிக நல்ல வேலைப்பாடு," என்றேன். பெங்களூரில் இதைச் சொன்னால் கையால் வாயைப் பொத்திக்கொள்வார்கள். இவர் சந்தோஷமாக வாயை அகலத் திறந்து, விளக்கின் பக்கம் திரும்பிக் காட்டினார். அதன் பிறகு அவர் ரவுண்டானாவைப் பற்றிப் பேச, நான் பல்லைப் பற்றிப் பேச, நேரம் போனதே தெரியவில்லை. ஒருவர் சொன்னதற்கு மற்றவர் பதில் சொல்லவே இல்லை. இருந்தாலும் அது நல்ல பேச்சுதான்.

ஊருக்குத் திரும்பியதும் இதுபோல் ஒன்றை இங்கே நடத்த வேண்டும் என்று அம்மாவிடம் சொன்னேன். அவள் வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தாள்.

"எல்லாம் கூடி என்னா பண்ணுவீங்க?"

"உக்காந்திருப்போம்."

"அப்பறம்?"

"அவங்கவங்க வீட்டுக்குப் போயிடுவோம்."

"அதுக்கு எதுக்குடி ஹாலு? வீட்ல நீ தெனம் அதத்தானே செய்யறே."

ஆனாலும் அம்மாவுக்குக் கூட்டம் என்றால் உயிர். மறுநாளே லிங்கராஜபுரத்தில் எங்களுக்குத் தெரிந்த சர்ச் ஹாலைப் பார்த்துக்கொள்பவரிடம் போய்ப் பேசி, ஒரு சனிக்கிழமை காலைக்கு மாடி அறையை வாங்கிவிட்டாள். "கீழ ஒரு ஃபங்ஷன் இருக்குது, மேல ரூம் காலிதான்," என்றாராம் அவர். கீழே எத்தனை சத்தம் வரும் என்று நான் கவலைப்பட்டேன். அதைவிட முக்கியமான ஒன்றை அவர் சொல்லாமல் விட்டுவிட்டார் என்பது எங்களுக்கு அப்போது தெரியாது.

பேட்ஜுகளை நானே லேபில் செய்தேன். பல் செட்டில் ஈறு செய்வதற்கு ஒரு பிளாஸ்டிக் இருக்கிறது. பொடியையும் திரவத்தையும் கலந்தால் கொஞ்சநேரத்தில் இறுகிவிடும். இறுகுவதற்குள் கலந்தது எல்லாவற்றையும் தீர்த்தாக வேண்டும். அதனால் நாலைந்து பேருக்குத் தேவையானதைவிட மிக மிக அதிகமாக, ஒரு பிஸ்கட் டப்பா நிறைய பேட்ஜுகள் செய்துவிட்டேன். பச்சையும் மஞ்சளும் நன்றாக வந்தன. சிவப்பு மட்டும் எவ்வளவு சாயம் சேர்த்தாலும் கொஞ்சம் ஈறுபோலவே இருந்தது.

வாட்ஸ்அப்பில் எங்களைப்போன்றவர்களுக்கான ஒரு குழு இருக்கிறது. அதில் செய்தி போட்டேன். எல்லோரும் படித்தார்கள், ஒருவரும் பதில் எழுதவில்லை. அது அந்தக் குழுவில் வழக்கம்தான். நானும் பதில் எழுதுவதில்லை. அம்மாவுக்கு இதில் நம்பிக்கையில்லை. சர்ச் நோட்டீஸ் போர்டில் தன் கையாலேயே எழுதி ஒட்டினாள். 'ஆட்டிசம் உள்ள பெரியவர்கள் சந்திப்பு. சிற்றுண்டி உண்டு.' இரண்டாவது வாக்கியம் முதல் வாக்கியத்தைவிடப் பெரிய எழுத்தில் இருந்தது.

அந்தச் சனிக்கிழமை நாங்கள் சீக்கிரமே போய்விட்டோம். அம்மா மாடி ஜன்னலிலிருந்து எட்டிப் பார்த்துவிட்டு, "வந்துட்டாங்க ரெண்டு பேரு," என்றாள்.

கேட்டுக்கு வெளியே, இந்தப் பக்கம் ஒரு உயரமான மனிதர் நின்றுகொண்டிருந்தார். அந்தப் பக்கம் முதுகில் பை மாட்டிய ஒரு பெண். இரண்டு பேரும் கைக்கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

"அவங்கதான்னு எப்டிம்மா தெரியும்?"

"பத்து மணி ஃபங்ஷனுக்கு பத்து மணி ஆகட்டும்னு வாசல்ல நிக்கறவங்க இந்த ஊருல வேற யாருடி?"

அவள் சொன்னது சரிதான். பத்து மணி ஆனதும் இரண்டு பேரும் ஒரே நேரத்தில் கேட்டைத் தள்ளினார்கள்.

உயரமானவர் மல்லேஸ்வரத்துக்காரர். பல தலைமுறைக்கு முன்னால் இங்கே வந்து குடியேறிய ஐயங்கார் குடும்பம். வேலைக்காக ஜெர்மனியில் சில வருடங்கள் இருந்துவிட்டுத் திரும்பியவர். அந்தப் பெண் கோலார் தங்கவயலைச் சேர்ந்தவள். எலெக்ட்ரானிக் சிட்டியில் ஒரு பி.ஜி. விடுதியில் தங்கி, ஒரு கம்பெனியில் வேலை பார்க்கிறாள். இரண்டு பேரும் பச்சை பேட்ஜை எடுத்துக்கொண்டார்கள். நான் பழக்கதோஷத்தில் மஞ்சளைக் குத்திக்கொண்டேன். அம்மாவுக்குப் பேட்ஜே தேவையில்லை. இருந்தாலும் புடவைக்குப் பொருத்தமாக இருக்கிறது என்று பச்சையைக் குத்திக்கொண்டாள்.

நாலாவதாக ஒரு முதியவர் மெதுவாகப் படியேறி வந்தார். கையில் ஒரு பழைய மருந்துச் சீட்டு.

"பிரஷர் பாக்கற எடம் இதானே?"

இல்லை என்றேன்.

"பெரியவங்களுக்குன்னு போர்டுல போட்டிருந்துச்சே. எனக்கு எழுபத்தெட்டு."

'பெரியவர்கள்' என்று எழுதினால் இந்த ஆபத்து இருக்கிறது என்று எங்கள் இருவருக்கும் தோன்றவேயில்லை. அம்மா அவருக்கு எல்லாவற்றையும் விளக்கினாள். வெளிச்சம் கூசும், சத்தம் ஆகாது, விசேஷ வீட்டுக்குப் போனால் எப்போது கிளம்பலாம் என்றே இருக்கும், ஒரே சட்டையைத்தான் போடப் பிடிக்கும் என்று அவளுக்குத் தெரிந்த வகையில் சொன்னாள். முதியவர் கேட்கக் கேட்க முகத்தை இன்னும் கிட்டே கொண்டுவந்தார். பிறகு தன் சட்டையைக் குனிந்து பார்த்தார்.

"இது வியாதியாம்மா? நா இத என் சொபாவம்னு நெனச்சிட்டு இருந்தேன்."

"வியாதியில்லயாம். மாத்திரையும் கெடையாது."

"அப்ப நா இருக்கலாமா?"

இருக்கலாம் என்றேன். அவர் மூன்று நிறங்களுக்கும் என்ன அர்த்தம் என்று விசாரித்து, மஞ்சளை எடுத்துக்கொண்டு ஜன்னல் ஓரத்தில் உட்கார்ந்தார்.

கூட்டம் தொடங்கியது. மல்லேஸ்வரத்துக்காரர் எழுந்து நின்று ஜெர்மனியைப் பற்றிச் சொன்னார். அங்கே அவருக்கு உதவிக்கென்று வாரம் ஒரு முறை ஒரு பெண்மணி வீட்டுக்கு வருவாராம். பிரிக்காமல் கிடக்கும் கவர்களைச் சேர்ந்து உட்கார்ந்து பிரிப்பாராம். ஃபிரிட்ஜைத் திறந்து, கெட்டுப்போனது எதுவும் இருக்கிறதா என்று பார்ப்பாராம். அவரைக் கேட்காமல் ஒன்றையும் தூக்கிப் போடமாட்டாராம்.

"இங்க வந்தப்பறம்?" என்றாள் அம்மா.

"இங்கே எதிர் வீட்டு மாமி வரா. அவளும் ஃபிரிட்ஜைத் தெறப்பா. தெனமும் வந்துடுவா. கேக்காமயே தூக்கிப் போட்டுடுவா. கவரையும் அவளே பிரிச்சுப் படிச்சுட்டு, என்ன எழுதியிருக்குன்னு எனக்குச் சொல்லிடுவா."

"எது தேவல?" என்று நான் கேட்டேன்.

"ஜெர்மனில ரசம் கொண்டுவரமாட்டா," என்றார். பிறகு பச்சையைக் கழற்றிவிட்டுச் சிவப்பைக் குத்திக்கொண்டார். "நான் பேசவேண்டியது முடிஞ்சுடுத்து," என்று உட்கார்ந்துவிட்டார்.

தங்கவயல் பெண் உட்கார்ந்தபடியே பேசினாள். அவளுடைய நெருங்கிய நண்பன் பிரேசிலில் இருக்கிறான். அவனுக்கும் ஆட்டிசம். நேரில் பார்த்ததில்லை, குரலும் கேட்டதில்லை. "நைட்டு நா சாப்படறப்ப அவனுக்கு மத்தியானம். ரெண்டு பேரும் கால் போட்டு, மைக்க ஆஃப் பண்ணிட்டு, வீடியோவும் ஆஃப் பண்ணிட்டு, ஒண்ணா சாப்டுவோம். பி.ஜி.ல எல்லாரும் எவன்கூட கடலை போடறேன்னு கேக்கறாங்க. நா கடலையே போடலன்னா நம்ப மாட்டேங்கறாங்க."

அதன் பிறகு யாருக்கும் சொல்ல ஒன்றும் இல்லை. நாங்கள் உட்கார்ந்திருந்தோம். மல்லேஸ்வரத்துக்காரர் கண்ணை மூடிக்கொண்டிருந்தார். அந்தப் பெண் மசால் வடையிலிருந்து கடலைப்பருப்பை ஒவ்வொன்றாகப் பிரித்து வரிசையாக அடுக்கிக்கொண்டிருந்தாள். முதியவர் ரோட்டைப் பார்த்துக்கொண்டிருந்தார். நான் எல்லோருடைய பல்லையும் பார்த்து முடித்திருந்தேன். எனக்கு ரொம்ப நிம்மதியாக இருந்தது. அம்மா மட்டும் நாற்காலி நுனியில், பெல் அடிக்கக் காத்திருக்கும் பள்ளிப் பிள்ளைபோல இருந்தாள். ஒரு மணி நேரம் அப்படி ஒரு வார்த்தையும் பேசாமல் அவள் இருந்து நான் பார்த்ததில்லை.

அப்போதுதான் கதவு தடாலென்று திறந்தது. நாலு பேர் நீளமான டேபிள்களைத் தூக்கிக்கொண்டு உள்ளே வந்தார்கள். பின்னாலேயே வாழை இலைக் கட்டு, தண்ணீர் பாட்டில், பெரிய பெரிய அண்டாக்கள். எங்களைச் சுற்றி டேபிள்களைப் போட்டு, எங்கள் முன்னாலேயே இலைகளை விரித்தார்கள். அதாவது கீழே நடந்தது ஒரு நிச்சயதார்த்தம். பந்தி மாடியில்.

ஹாலைப் பார்த்துக்கொள்பவர் மூச்சிரைக்க மேலே வந்து எங்களைப் பார்த்துத் திகைத்து நின்றார்.

"அய்யோ, நீங்க இங்கதான் இருக்கீங்களா? சத்தமே வரலம்மா. பந்திக்குள்ள கெளம்பிட்டீங்கன்னு நெனச்சி சமையல்காரங்கள மேல ஏத்திட்டேன்."

நாங்கள் எழுவதற்குள் விருந்தாளிகள் படியேறி வந்துவிட்டார்கள். கதவு நிறைய ஆட்கள். வெளியே போக வழியில்லை. சமையல் மேஸ்திரி, கட்டம் போட்ட லுங்கிக்கு மேல் வெள்ளை ஏப்ரன் கட்டியவர், எங்களை ஒரு பார்வை பார்த்தார். அவர் கண் எங்கள் நெஞ்சில் இருந்த பேட்ஜுகளில் நின்றது. முகம் மலர்ந்துவிட்டது.

"பரவால்லயே. யாருப்பா இந்த ஐடியா பண்ணது? மாப்ள வீட்ல பாதிப் பேரு வெஜ்ஜுன்னாங்க, எப்டி கண்டுபுடிக்கறதுன்னு காலைலேர்ந்து மண்ட காஞ்சிட்டு இருந்தேன்." பிறகு தன் ஆட்களைப் பார்த்துச் சத்தமாகச் சொன்னார். "ஏய், பாத்துப் போடுங்கடா. பச்சை வெஜ். செவப்பு நான்-வெஜ்."

"மஞ்சள்?" என்றான் பரிமாறுகிறவன்.

மேஸ்திரி ஒரு நொடிதான் தயங்கினார். "முட்டை."

நான் மறுத்துச் சொல்ல நினைத்தேன். ஆனால் பிஸ்கட் பாக்கெட்டிலிருந்து பற்பசை வரைக்கும் பச்சைப் புள்ளிக்கும் சிவப்புப் புள்ளிக்கும் இந்த நாட்டில் ஒரே அர்த்தம்தான். அதை இங்கிலாந்தில் யோசிக்க வேண்டிய அவசியமில்லை, இங்கே நான் யோசித்திருக்க வேண்டும். வாயைத் திறப்பதற்குள் என் இலையில் பிளைன் பிரியாணியும் இரண்டு முட்டையும் வந்துவிட்டன. முதியவர் இலையிலும் அப்படியே. "பிரஷர் பாக்க வந்தா முட்ட வக்கறாங்க," என்று அவர் தனக்குத்தானே சொல்லிக்கொண்டு சாப்பிட ஆரம்பித்தார்.

சிக்கல் வேறு இரண்டு பேருக்குத்தான். வாழ்நாளில் வெங்காயத்துக்கே யோசிக்கும் மல்லேஸ்வரத்துக்காரர் இலையில் ஒரு முழுக் கோழிக்கால் வந்து விழுந்தது. அவர் சிவப்பு போட்டிருந்ததால் அவர் யாரிடமும் பேசவில்லை, நாங்களும் அவரிடம் பேசமுடியவில்லை. கோழிக்காலைப் பார்த்தபடி கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். அந்தப் பக்கம் அம்மா, ஞாயிற்றுக்கிழமை கறி இல்லையென்றால் முகம் தூக்கிக்கொள்பவள், தன் இலையில் வந்திறங்கிய பூசணிக்காய்க் கூட்டைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"எனக்கு என்னாத்துக்குப்பா இது?" என்றாள் பரிமாறுகிறவனிடம்.

"நீங்க பச்சம்மா."

அம்மா யோசிக்கவேயில்லை. மல்லேஸ்வரத்துக்காரர் எதிரில் போய் நின்று, ஒன்றும் பேசாமல் தன் பச்சையைக் கழற்றி நீட்டினாள். அவரும் ஒன்றும் பேசாமல் சிவப்பைக் கழற்றிக் கொடுத்தார். இருவரும் இடம் மாறி உட்கார்ந்தார்கள். கோழி அம்மாவுக்கு வந்தது, கூட்டு அவருக்குப் போனது. இத்தோடு பிரச்சினை தீர்ந்தது என்று நினைத்தேன்.

ஆனால் மாப்பிள்ளையின் மாமா ஒருவர், சுத்த சைவம், பச்சை பேட்ஜ் தெரிகிற பக்கமாகப் பார்த்துப் பார்த்து வந்து மல்லேஸ்வரத்துக்காரர் அருகில் உட்கார்ந்துவிட்டார்.

"தம்பி பொண்ணு வீடா, மாப்ள வீடா?"

"ரெண்டும் இல்லை. நான் பேசாம இருக்கறதுக்காக வந்தேன்."

மாமா இதை ஒரு பெரிய நகைச்சுவையாக எடுத்துக்கொண்டு முதுகில் தட்டினார். பிறகு எந்த கம்பெனி, என்ன சம்பளம், சொந்த வீடா, ஏன் கல்யாணம் ஆகவில்லை என்று வரிசையாகக் கேட்டார். பச்சை போட்டிருந்தால் பதில் சொல்ல வேண்டும் என்பது விதி. மல்லேஸ்வரத்துக்காரர் ஒவ்வொரு கேள்விக்கும் முழுமையாகப் பதில் சொன்னார். கல்யாணம் ஏன் ஆகவில்லை என்பதற்கு மட்டும் பாயசம் வரும்வரை விளக்கம் சொன்னார். மாமா இத்தனை கேள்விகளைத் தன் வாழ்நாள் முழுக்கக் கேட்டுவந்திருப்பார், இதுவரை ஒருவரும் உண்மையான பதில் சொல்லியிருக்கமாட்டார்கள். பிரமித்துப்போய் உட்கார்ந்திருந்தார்.

அம்மாவின் நிலைமை இன்னும் மோசம். அறை முழுக்கப் புதிய மனிதர்கள், பேச ஆயிரம் விஷயம். முதலில் பக்கத்தில் இருந்த தங்கவயல் பெண்ணிடம் திரும்பி, "பிரியாணி நல்லாருக்குது இல்ல?" என்றாள்.

அவள் அம்மாவின் பேட்ஜைச் சுட்டிக் காட்டினாள். "ஆன்ட்டி, நீங்க செவப்பு."

"அது கோழிக்காகப் போட்டேன் பாப்பா."

"செவப்பு செவப்புதான் ஆன்ட்டி."

அம்மா ஒரு கையில் கோழிக்காலை வைத்துக்கொண்டு இன்னொரு கையால் பேட்ஜைத் தொட்டுத் தொட்டுப் பார்த்தாள். பேச்சா, கோழியா என்று ஒரு பெண்மணி இத்தனை வேதனைப்பட்டு நான் பார்த்ததில்லை. கோழியே ஜெயித்தது.

இதற்குள் மற்ற விருந்தாளிகள் எங்களுக்கு மட்டும் பேட்ஜ் இருப்பதைக் கவனித்துவிட்டார்கள். "எங்களுக்கெல்லாம் குடுக்கலயே," என்று ஒரு சலசலப்பு. மேஸ்திரி என் பக்கத்தில் இருந்த பிஸ்கட் டப்பாவைப் பார்த்துவிட்டார். "அக்கா, கொஞ்சம் வாசல்ல நின்னு எல்லாருக்கும் குத்தி விட்டுடுங்க. பெரிய ஒத்தாசையா இருக்கும்."

புதியவர்களிடம் பேசுவதென்றால் நான் முன்தினமே ஒவ்வொரு வாக்கியத்தையும் எழுதி மனப்பாடம் செய்துகொள்வேன். ஆனால் இதில் கேட்க வேண்டிய கேள்வி ஒன்றுதான். வெஜ்ஜா, நான்-வெஜ்ஜா? வரக்கூடிய பதில்கள் முன்கூட்டியே தெரியும். பதில் வந்ததும் அடுத்தவர் வந்துவிடுவார். நான் வாசலில் நின்று ஒவ்வொருவராகக் கேட்டுக் குத்திவிட்டேன். போகப்போக எனக்கு அது பிடித்துவிட்டது. இரண்டு பேர் என் கன்னத்தைத் தொட்டுவிட்டுப் போனார்கள். ஒரு அம்மாள் நான் எந்த கேட்டரிங் என்று விசாரித்தார்.

கூட்டம் குறைந்தபோது கல்யாணப் பெண் மேலே வந்தாள். பட்டுப்புடவை, தலை நிறைய பூ, காலையிலிருந்து சிரித்துச் சிரித்துத் தாடை வலிக்கிற முகம். அந்த வலியைத் தாடை எலும்பைப் பார்த்தே என்னால் சொல்ல முடியும். வெஜ்ஜா, நான்-வெஜ்ஜா என்று கேட்டேன். அவள் டப்பாவுக்குள் எட்டிப் பார்த்தாள்.

"இது நெஜமாவே சாப்பாட்டுக்குத்தானா? எங்க வீட்ல யாரும் இவ்ளோ பிளான் பண்ண மாட்டாங்களே."

நான் உண்மையைச் சொன்னேன். சிவப்புக்கு நிஜ அர்த்தம் என்ன என்பதைச் சொன்னபோது அவள் கண் விரிந்தது.

"இத போட்டா யாரும் பேச மாட்டாங்களா?"

"எங்க ஆளுங்க பேச மாட்டாங்க. மத்தவங்களுக்கு கேரண்டி இல்ல."

"உங்க ஆளுங்க எங்க உக்காந்திருக்காங்க?"

காட்டினேன். அவள் ஒரு சிவப்பை வாங்கிப் பட்டில் குத்திக்கொண்டு, தங்கவயல் பெண்ணுக்கும் முதியவருக்கும் நடுவில் போய் உட்கார்ந்தாள். ஒருவரும் வாழ்த்துச் சொல்லவில்லை. ஒருவரும் மோதிரத்தைக் காட்டச் சொல்லவில்லை. முதியவர் தண்ணீர் பாட்டிலை மட்டும் அவள் பக்கம் நகர்த்தி வைத்தார். அவள் நாற்காலியில் சாய்ந்து, செருப்பைக் கழற்றிவிட்டு, கோழியைச் சாப்பிட ஆரம்பித்தாள்.

கொஞ்ச நேரத்தில் மாப்பிள்ளை தேடிக்கொண்டு வந்தான். "இங்க என்ன பண்றே? கீழ ஃபோட்டோக்கு எல்லாரும் வெயிட் பண்றாங்க." அவள் பதில் சொல்லவில்லை. அவன் முகம் மாறிவிட்டது. "கோவமா? எங்க அத்த எதனா சொன்னாங்களா?"

"சார், அவங்க செவப்பு," என்றாள் தங்கவயல் பெண். "பேசக் கூடாது. கோவம் இல்ல."

அவன் எங்கள் எல்லோரையும் ஒரு முறை பார்த்தான். கீழே யாரோ மைக்கில் அவன் பெயரைக் கூப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். அவன் என்னிடம் வந்து, ரகசியமாக, "இன்னொண்ணு இருக்கா?" என்றான். குத்திவிட்டேன். அவன் போய் அவளுக்கு எதிரில் உட்கார்ந்தான். இரண்டு பேரும் ஒரு வார்த்தை பேசாமல் ஒரே இலையிலிருந்து அப்பளத்தை உடைத்துச் சாப்பிட்டார்கள். அவன் சைவம், சிவப்பு பேட்ஜால் அவனுக்கும் கோழி வந்தது, அதை அவள் எடுத்துக்கொண்டாள். கீழே ஃபோட்டோக்காரர் ரொம்ப நேரம் காத்திருந்தார் என்று பிறகு கேள்விப்பட்டோம்.

வீட்டுக்குப் போகும் வழியெல்லாம் அம்மா பேசினாள். அந்த ஒரு மணி நேர மௌனத்தையும் கோழிக்காகச் செய்த தியாகத்தையும் சேர்த்து வசூலித்தாள். வீட்டுப் படியேறும்போது, "அடுத்த மாசம் எப்ப?" என்றாள்.

அடுத்த மாதம் ஹால் வேண்டாம் என்று குழுவில் முடிவானது. அதாவது தங்கவயல் பெண் ஒரு யோசனை எழுதினாள், ஒருவரும் பதில் எழுதவில்லை, எல்லோரும் ஒத்துக்கொண்டோம் என்று அர்த்தம். பஸ்ஸில் போகலாம் என்பது அவள் யோசனை. பஸ்ஸில் எல்லோரும் ஒரே பக்கம் பார்த்துத்தான் உட்கார வேண்டும், ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்க வேண்டியதில்லை. எங்கே தொடங்கும், எங்கே முடியும் என்பது முதலிலேயே தெரியும். பந்தி போடமாட்டார்கள்.

அன்றிலிருந்து எங்கள் கூட்டம் எலெக்ட்ரானிக் சிட்டி போகும் ஏ.சி. பஸ்ஸில்தான் நடக்கிறது. மேம்பாலத்தில் ஏறியதும் பஸ் சத்தம் குறைந்து வழுக்கிக்கொண்டு போகும். எங்களுக்கு அந்த இடம் பிடிக்கும். முதியவர் ஜன்னல் ஓரம், அவருக்குப் பின்னால் நான். மல்லேஸ்வரத்துக்காரர் எதிர் வீட்டு மாமி கொடுத்தனுப்பிய தட்டையைச் சுற்றிக்கொடுப்பார். அம்மா டிரைவருக்குப் பக்கத்து சீட்டில் உட்கார்ந்து, கன்னடத்தில் அவருடைய மூன்று பிள்ளைகளின் படிப்பு வரைக்கும் தெரிந்துகொண்டுவிட்டாள்.

போன முறை புது கண்டக்டர். கடைசி ஸ்டாப்பில் எல்லோரும் இறங்கிய பிறகும் நாங்கள் இறங்காததைப் பார்த்து, "எல்லி ஹோக்பேக்கு நிமகே?" என்று கேட்டார். எங்கே போகவேண்டும் என்கிறார்.

முதியவருக்குக் கன்னடம் சரளம். "எல்லியூ இல்லப்பா," என்றார். "வாபஸ் ஹோக்தீவி." எங்கேயும் இல்லை, திரும்பிப் போகிறோம் என்று.

கண்டக்டர் எங்களை ஒவ்வொருவராகப் பார்த்தார். ஒருவரும் ஒருவரோடும் பேசவில்லை. "ஜகளானா?" என்றார், சண்டையா என்று.

"இல்ல, ஃபிரெண்ட்ஸ்," என்றாள் தங்கவயல் பெண், ஜன்னலிலிருந்து கண்ணை எடுக்காமல். அவர் தலையைச் சொறிந்துகொண்டு திரும்பிவரும் டிக்கெட்டைக் கிழித்தார்.